வெள்ளத்தில் நின்ற கார் வாங்கலாமா? திருகோணமலைக்காரர்களின் அனுபவங்கள்

உவர்மலையிலிருந்து:
2025 நவம்பரில் டித்வா புயல் வந்து போன பிறகு, ஹைபிரிட் வேகன் ஆர் ஒன்று நல்ல குறைந்த விலைக்கு வந்தது. போய்ப் பார்த்தேன். வெளியே பளபளப்பு. உள்ளே வாசனை ஸ்ப்ரே மூக்கைத் துளைத்தது. அதிலேயே பாதி விளங்கிவிட்டது. சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்தேன். சுருளுக்குள் இருந்த பகுதியில் சேற்றுக் கறை. “கொஞ்சம் மழைத் தண்ணி பட்டது தம்பி” என்றார் தரகர். அந்தக் காரின் லித்தியம் பற்றரி முன் பயணி சீட்டுக்கு அடியில்தான் இருக்கிறது. சுருள் நனைந்த காரில் அது மட்டும் நனையாமலா இருந்திருக்கும்? திரும்பி வந்துவிட்டேன்.

மூதூரிலிருந்து:
நான் வாகன வயரிங் வேலை செய்கிறேன். எல்லோரும் எஞ்சினைப் பற்றித்தான் கேட்கிறார்கள். ஆனால் கார்பெட்டின் மேல்பக்கம் வெயிலில் காய்ந்தாலும், அடியில் இருக்கும் ஸ்பொஞ்சில் ஈரம் நிற்கும். வயர்களும் கனெக்டர்களும் அங்கேதான் ஓடுகின்றன. பின்களில் பச்சைக் களிம்பு பிடிக்கும். முதலில் ஒன்றும் தெரியாது. மாதக் கணக்கில் கழித்து ஒரு நாள் கண்ணாடி இறங்காது, இன்னொரு நாள் எயார்பேக் பழுது என்று காட்டும் லைட் எரியும். அந்த லைட் தெரியாதபடி செய்து விற்கிறவர்களும் இருக்கிறார்கள். என்னைக் கேட்டால் அது உயிரோடு விளையாடுவது. மகாவலி வெள்ளம் என்றால் சேறு, கழுவிப் பார்க்கலாம். கடல் தண்ணீர் ஏறிய காரை நான் கையில் எடுப்பதே இல்லை.

கந்தளாயிலிருந்து:
மாமாவின் கார் ஓர் இரவு முழுக்கத் தண்ணீரில் நின்றது. ஸ்டார்ட் பண்ணாமல் கட்டி இழுத்துத்தான் கராஜுக்குக் கொண்டு போனோம். ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி எஞ்சினைச் சுழற்றியதும் தண்ணீர் பீச்சி அடித்தது. தண்ணீரை அமுக்க முடியாதே, ஸ்டார்ட் பண்ணியிருந்தால் பிஸ்டனைத் தள்ளும் தண்டான கொனெக்டிங் ரொட் வளைந்திருக்கும் என்றார் மெக்கானிக். எஞ்சின் ஒயில் தண்ணீர் கலந்து பால் தேத்தண்ணி மாதிரி இருந்தது. காப்புறுதி, மற்றவர்களுக்கு வரும் சேதத்துக்கு மட்டும் தரும் தேர்ட் பார்ட்டிதான், அதனால் செலவெல்லாம் மாமாவின் கைக்காசு.

உவர்மலையிலிருந்து:
மூதூர் அண்ணா, பெல்ட்டைப் புதிதாக மாற்றி வைத்திருந்தால்?

மூதூரிலிருந்து:
பழைய காருக்கு ஏன் புது பெல்ட் என்று கேளுங்கள். பிறகு டாஷ்போட்டுக்கு அடியில் டோர்ச் அடித்துப் பாருங்கள். கழுவுகிறவன் கை அங்கே எட்டாது.