அம்மாவுக்கு எரிமலை, அப்பாவுக்குக் கடல்

கிளிநொச்சியிலிருந்து:

பதினொரு வருசத்துக்குப் பிறகு அண்ணாவைக் கண்டது பாலி எயார்போட்டில. அவர் லண்டனில இருந்து அண்ணியோடையும் பிள்ளையளோடையும் வந்தார். நான் அம்மா அப்பாவைக் கூட்டிக்கொண்டு கொழும்பால கோலாலம்பூர் போய், அங்க பிளேன் மாறிப் போனன். அஞ்சு நாள்தான் லீவு. முதல் மூண்டு நாளும் கதையிலையும் கோயிலிலையும் போயிட்டுது. மிச்சம் ஒரு முழு நாள். அந்த ஒரு நாளுக்குத்தான் சண்டை.

அண்ணாவும் பிள்ளையளும் பத்தூர் எரிமலை ஏறவேணும் எண்டு நிண்டினம். உயரம் 1,717 மீற்றர். எங்கட சிவனொளிபாதமலை 2,243. அதைவிடச் சின்னன்தானே எண்டு அண்ணா. நான் விடேல்லை. அப்பாவுக்கு முழங்கால் தேய்மானம், அம்மாவுக்குப் பிறசர். வயசு போனதுகளை வைச்சுக்கொண்டு மலை என்னத்துக்கு, எல்லாருமாத் தெற்குக் கரையில இருக்கிற உலுவத்து கோயிலுக்குப் போவம், குந்தியிருந்து கடலைப் பார்ப்பம் எண்டு சொன்னன்.

அம்மா அதுவரைக்கும் வாய் திறக்கேல்லை. பிறகு சொன்னா: “முல்லைத்தீவில பிறந்துபோட்டுக் கடல் பார்க்கவோ நான் பிளேன் ஏறி வந்தனான்? எனக்கு மலையைக் காட்டு.”

கள்ளப்பாட்டில எங்கட பழைய வீடு 2004 மார்கழி 26 காலமை இருந்தது, மத்தியானம் இல்லை. அதுக்குப் பிறகு அம்மா வாசலுக்கு வாற மீன்காரனிட்டை மீன் வாங்குவா, கரைப்பக்கம் மட்டும் போகமாட்டா. இவ்வளவும் தெரிஞ்ச நான்தான் கடல் எண்டு அடம்பிடிச்சனான்.

சரி, மலை எண்டு முடிவாகுது எண்டு பார்த்தா அப்பா எழும்பினார். “நாப்பது வருசம் கடலுக்குப் போனனான். ஒரு நாளும் அதைச் சும்மா இருந்து பார்க்கேல்லை. நான் கடலுக்குத்தான்.”

கடைசியில பிரிஞ்சுதான் போனம். அப்பாவோட அண்ணி பின்நேரம் உலுவத்துவுக்கு. மிச்சப் பேர் விடியப்புறம் மலைக்கு. ஹொட்டேலில கேட்டபோதுதான் தெரிஞ்சுது, ஏற ஏலாதவைக்கு ஜீப் இருக்கெண்டு. முதலே விசாரிச்சிருந்தா பாதிச் சண்டை மிச்சம்.

இரவு ரெண்டு மணிக்கு வான் வந்துது. கிந்தாமணி எண்ட இடத்துக்கு ரெண்டு மணித்தியால ஓட்டம். மே மாசம், மழை இல்லை. ஆனா நல்ல குளிர். வன்னி வெக்கையில கிடந்த எங்களுக்குப் பல்லுக் கிட்டுது. அம்மா சேலைக்கு மேல அண்ணாவின்ர ஜக்கெட்டைப் போட்டுக்கொண்டு வந்தா. வழிகாட்டி இல்லாமல் அங்க ஏறவிடமாட்டினம். அண்ணாவும் பிள்ளையளும் அந்தாளோட தலையில லைற் கட்டிக்கொண்டு நடக்க, நானும் அம்மாவும் ஜீப்பில எதிர்ப்பக்க மேட்டுக்குப் போனம்.

அந்த இருட்டை நான் மறக்கமாட்டன். முன்னால மலை இருக்கிறதே தெரியாது. அதில ஏறுறவையின்ர லைற்றுகள் மட்டும் ஒரு கோடா, மெல்ல மெல்ல மேல போகுது. எங்கட முல்லைத்தீவு வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்கு இரவு சனம் வாற மாதிரி எண்டா அம்மா. பிறகு எண்ணத் தொடங்கினா. “அதில எது எங்கட பிள்ளையள்?” எனக்கென்னண்டு தெரியும்? நடுவில நிக்கிற மூண்டைக் காட்டி விட்டன். விடியும் வரைக்கும் அந்த மூண்டையே பார்த்துக்கொண்டு இருந்தா.

சூரியன் வந்தாப் பிறகு கீழ வாவி, பக்கத்தில 3,000 மீற்றருக்கு மேல நிக்கிற அகுங் மலை எல்லாம் தெரிஞ்சுது. வடிவுதான், படத்தில பார்க்கிறதுதான். எனக்கு மனசில நிக்கிறது அதுக்குப் பிறகு ஜீப் போன கறுத்த நிலம். எரிமலைக் குழம்பு ஆறி இறுகின பாறை, கண்ணுக்கு எட்டின மட்டும். சாரதி சொன்னார், 1926 இல எரிமலை வெடிச்சு பத்தூர் எண்ட ஊரே குழம்புக்குள்ள போயிட்டுதாம். சனம் கிளம்பி மேல எரிமலைப் பள்ளத்தின்ர விளிம்பில போய்க் குடியேறி, கோயிலையும் அங்கயே கட்டினவையாம். நான் அம்மாவுக்குத் தமிழில சொன்னன். அவ கேட்ட முதல் கேள்வி: “வீட்டுத்திட்டம் குடுத்தவையோ?”

சாரதிக்கு இதை எப்பிடி மொழிபெயர்க்கிறது? நான் சிரிச்சுச் சமாளிச்சன். அம்மா சிரிக்கேல்லை. மேல இருக்கிற அந்தக் கோயிலில வாவிக்குரிய அம்மனைக் கும்பிடுகினம் எண்டு கேள்விப்பட்டாப் பிறகு, அங்க போகாமல் திரும்ப மாட்டன் எண்டு நிண்டா. சாறம் மாதிரி ஒண்டு கட்டிக்கொண்டுதான் உள்ள விடுவினம். சேலைக்கு மேல அதையும் கட்டினா. மடிக்குள்ள வற்றாப்பளையில இருந்து கொண்டந்த திருநீறு இருந்ததை அப்பதான் கண்டன்.

ஏறினவையின்ர கதை சுருக்கமா: ரெண்டு மணித்தியால ஏற்றம். சிவனொளிபாதமலை மாதிரிப் படியும் தேத்தண்ணிக் கடையும் எண்டு நினைக்காதேங்கோ. புதுசாக் கிரவல் கொட்டின ரோட்டைச் செங்குத்தா நிமித்தி விட்ட மாதிரி, ஒரு அடி வைச்சா அரை அடி சறுக்கும். இறக்கம் அதைவிட மோசம். அண்ணாவின்ர சின்னவன் ரெண்டு தரம் விழுந்தவன். உச்சியில பாறை வெடிப்புக்குள்ளால ஆவி வருது, அதில முட்டை அவிச்சுக் குடுத்தவையாம். அவன் இப்ப லண்டனில எல்லாருக்கும் அந்த முட்டையைப் பற்றித்தான் சொல்லுறான்.

வவுனியா, இப்ப பாரிசில:

நானும் எரிமலை பார்க்கத்தான், இந்து சமுத்திரத்தில பிரான்சுக்குச் சொந்தமான ரியூனியன் தீவுக்குப் போனனான். அங்க பித்தோன் த லா ஃபூர்னேஸ், 2,632 மீற்றர், அடிக்கடி வெடிக்கிற மலை. ஆனா பெரும்பங்கு உயரத்துக்குக் காரிலயே போகலாம். எரிமலைப் பள்ளத்தின்ர விளிம்பில நிப்பாட்டிப்போட்டு நூற்றுக்கணக்கான படி இறங்கி, பிறகு ஏறவேணும். போய்வர அஞ்சாறு மணித்தியாலம் பிடிச்சுது. காலமை பத்து மணிக்கு முகில் வந்து மூடினா ஒண்டும் தெரியாது, அதால இருட்டோட வெளிக்கிடுங்கோ. வெடிக்கிற அறிகுறி இருந்தாக் கேற்றைப் பூட்டிவிடுவினம், போன காசு வீண்.

கடல் நல்லாத்தான் இருக்கும். சுறாப் பயத்தால கண்ட இடத்திலயும் இறங்கவிடமாட்டினம், பவளப்பாறை மறிச்ச இடங்களில மட்டும் குளிக்கலாம். கிழக்குக் கரையில ஒரு தேவாலயம் இருக்கு. 1977 இல எரிமலைக் குழம்பு வாசல் மட்டும் வந்து நிண்டுட்டுது. எங்களுக்கு மலையும் கடலும் ஒரே இடத்தில கிடைச்சது அங்கதான். இன்னொண்டு: கரும்புத் தோட்டத்துக்குக் கொண்டுபோன தமிழ்ச் சனத்தின்ர வாரிசுகள் அங்க நிறையப் பேர். தமிழ் கதைக்கத் தெரியாது, ஆனா தீமிதிப்பு நடத்துகினம். அதைக் கண்டதும் மலையைக் கொஞ்சம் மறந்துட்டன்.

முல்லைத்தீவு, ரீச்சர்:

பாலிக்குப் போக வசதி இல்லாதவைக்கு ஒரு சொல்லு. நாங்கள் பிள்ளையளைத் திருகோணமலைக்குக் கூட்டிக்கொண்டு போய்க் கன்னியா வெந்நீர்க் கிணறு ஏழையும் காட்டினம். கீழ எரிமலை இருக்கோ ரீச்சர் எண்டு ஒருத்தன் கேட்டான். இல்லை, இலங்கையில உயிருள்ள எரிமலை கிடையாது, ஆழத்துக்கு இறங்கின தண்ணி அங்கத்தைச் சூட்டில காய்ஞ்சு மேல வருது எண்டு சொன்னன். அவனுக்கு நம்பிக்கை வரேல்லை, கிணறு ஒவ்வொண்டுக்குள்ளயும் எட்டிப் பார்த்தான்.

கிளிநொச்சி அக்கா, அப்பான்ர கதையைச் சொல்லாமல் விட்டிட்டியள். கடலைப் பார்த்தவரோ?

கிளிநொச்சியிலிருந்து:

பார்த்தவர். செங்குத்துப் பாறைக்கு மேல கோயில், கீழ அலை அடிக்குது. ஒரு மணித்தியாலம் கதைக்காமல் இருந்தவராம். பிறகு அண்ணியிட்டை, நீரோட்டம் எந்தப் பக்கம் போகுது, எங்க வலை போடலாம் எண்டு பாடம் எடுத்திருக்கிறார். சும்மா பார்க்கப் போனவர்!

பொழுது படேக்க அங்க கெச்சாக் ஆட்டம். ஆம்பிளையள் வட்டமா இருந்து வாயாலயே “சக் சக்” எண்டு தாளம் போட, நடுவில ராமாயணம் நடக்கும். “எங்கட ராசா அடி வாங்கிறதைப் பார்க்கக் காசு குடுத்திருக்கிறம்” எண்டாராம்.

அதுக்கு முதலே கோயில் குரங்கு அவற்ற கண்ணாடியைப் பறிச்சிட்டுது. அங்க போறவை கண்ணாடி, தொப்பி, போன் எல்லாத்தையும் பையுக்குள்ள வையுங்கோ, உண்மையாச் சொல்லுறன். அங்க நிண்ட ஒருத்தர் பழத்தைக் காட்டி மாற்றி வாங்கிக் குடுத்திருக்கிறார். கண்ணாடியின்ர ஒரு பக்கக் கால் கடிபட்டுப் போச்சு. ஊருக்கு வந்து புதுசு எடுப்பம் எண்டா மாட்டன் எண்டுறார். சலூனில, சங்கக்கடையில, எங்க போனாலும் முதல் அந்தக் கண்ணாடியைக் கழட்டி மேசையில வைக்கிறார், ஆரும் கேக்கட்டும் எண்டு.