சுண்ணாம்புக்கல்லை அமிலத்தில் கரைத்தால் கடற்பஞ்சு முட்கள் மிஞ்சவில்லை, ஏன்?

கேள்வி:
நிலவியல் முதுகலை படிக்கிறேன். கடற்பஞ்சுப் புதைபடிவங்களில் ஆய்வு செய்ய ஆசை. கையிலுள்ள சுண்ணாம்புக்கல்லில் நுண்முட்கள், அதாவது ஸ்பிக்யூல்கள், லென்ஸில் தெளிவாகத் தெரிகின்றன. 10% ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் போட்டால் களிமண்தான் மிஞ்சுகிறது. எங்கே தவறு? வாழும் கடற்பஞ்சுகளையும் படித்தாக வேண்டுமா?

பதில் 1:
உங்கள் முட்கள் இப்போது சிலிக்காவாக இல்லை என்று நினைக்கிறேன். உயிரோடிருக்கையில் அவை ஓபல், அதாவது நீர் கலந்த சிலிக்கா. புதைந்தபின் ஓபல் எளிதில் கரையும். அந்த வெற்றிடத்தில் சுண்ணாம்புக்கல்லின் கனிமமான கால்சைட் படிந்திருந்தால் அமிலம் கல்லோடு முள்ளையும் கரைத்துவிடும். முதலில் ஒரு சில்லை மெருகிட்டு, நீர்த்த அமிலத்தில் அரை நிமிடம் வைத்துக் கழுவிப் பாருங்கள். முட்கள் மேடாக நின்றால் சிலிக்கா. இல்லையென்றால் அமிலம் வேண்டாம், கல்லை 30 மைக்ரான் தடிமனுக்குத் தேய்த்து நுண்ணோக்கியில் பார்க்கும் மென்சீவல்தான் வழி. அதையும் ஒன்றுக்கொன்று செங்குத்தான இரண்டு திசைகளில் வெட்டுங்கள். குறுக்கே வெட்டுப்பட்ட கதிர் (முள்ளின் ஒரு கிளை) எந்த வகை முள்ளானாலும் வெறும் வட்டமாகத்தான் தெரியும்.

சிலிக்காவாகவே இருந்தாலும் ஹைட்ரோகுளோரிக் வேண்டாம். குமிழிகளின் வேகத்தில் மெல்லிய கதிர்கள் ஒடியும். 10% அசிட்டிக் அமிலம் போதும், நாள் கூடுதலாகும். 63 மைக்ரான் சல்லடையோடு நிறுத்தினால் சிறுமுட்களில் பெரும்பகுதி வடிந்துபோகும். வடிநீரையும் தெளியவைத்துப் பாருங்கள்.

பதில் 2:
வாழும் மாதிரிக்கு: மேல்தோலிலிருந்து ஒன்று, உட்சதையிலிருந்து ஒன்று என அரிசியளவு துண்டுகளை எடுங்கள். இரண்டிலும் முட்கள் வேறுபடலாம். பிளீச்சில் இரவு முழுக்க வைத்தால் சதை கரையும். பிறகு தண்ணீரில் நாலைந்து முறை, கடைசியில் 95% எத்தனாலில் இருமுறை அலசுங்கள். ஒவ்வொரு முறையும் முட்கள் முழுதாய்ப் படிந்த பிறகே மேல்நீரை எடுக்கவும். அவசரப்பட்டால் முதலில் போவது சிறுமுட்கள். மாதிரிக்கு ஒரு புதிய பிப்பெட், இல்லாவிட்டால் அடுத்ததில் அன்னிய முட்கள் கலக்கும். சுண்ணாம்பு முட்கள் கொண்ட வகுப்புக்கு அமிலம் கூடவே கூடாது. குளியல் பஞ்சு வகைகளுக்கு முள்ளே கிடையாது. பிளீச்சில் எல்லாம் கரைந்துவிடும்.

பதில் 3:
மேலே சொன்னதற்கு முன் ஒரு படி: பிளீச்சில் போடுமுன் ஒரு தடித்த சீவல் எடுத்து வையுங்கள். முட்கள் அடுக்கப்பட்டிருந்த விதம் பிளீச்சுக்குப் பின் திரும்பக் கிடைக்காது.

இரண்டாவது கேள்விக்கு என் பதில்: கட்டாயம் படிக்க வேண்டும், அதுவும் முதலில். ஒரே பஞ்சில் பல வடிவ முட்கள் இருக்கும், ஒரே வடிவம் பல குடும்பங்களில் வரும். உதிர்ந்த முள்ளைக் கொண்டு இனப்பெயர் வைப்பவர்கள் இங்கேதான் தடுக்கி விழுகிறார்கள். ஸ்ட்ரோமடோபோராய்டுகள் என்ற சுண்ணாம்புப் புதைபடிவங்களை நெடுங்காலம் ஹைட்ரோசோவாக்களோடு, அதாவது ஜெல்லிமீன், பவளங்களின் உறவினங்களோடு, சேர்த்திருந்தார்கள். ஜமைக்காவின் பவளத்திட்டுகளில் வாழும் கடின எலும்புக்கூட்டுப் பஞ்சுகளை ஆய்வாளர்கள் ஹார்ட்மனும் கோரோவும் 1970இல் விவரித்த பிறகுதான் ஸ்ட்ரோமடோபோராய்டுகளும் பஞ்சுகளே என்ற கருத்து வலுப்பெற்றது. கல்லை மட்டும் பார்த்திருந்தால் அந்த ஒப்பீடு கிடைத்திருக்காது.

மெருகிட்ட சில்லின் படத்தை இங்கே போடுங்கள், முள்ளின் நடுவே நீளவாக்கில் ஓடும் அச்சுக்குழாய் தெரிகிறதா பார்க்கலாம். அதன் குறுக்குவெட்டு சதுரமாக இருந்தால் அது சிலிக்கா முட்கள் கொண்ட கண்ணாடிப் பஞ்சு வகுப்பு.