மாதக் கடைசியில் நோட் சர்வர் உறைந்துவிடுகிறது: கோ-வுக்கு மாறலாமா, பிஎச்பி-க்கா?

பில்_போடுபவன்:
வணக்கம். மருந்து மொத்த வியாபாரி ஒருவருக்கு பில்லிங் மென்பொருள் எழுதிக் கொடுத்து, நானே பார்த்துக்கொள்கிறேன். சர்வரில் ஜாவாஸ்கிரிப்ட் ஓட்டும் நோட் ஜேஎஸ், அதன் மேல் எக்ஸ்பிரஸ் ஃபிரேம்வொர்க், டேட்டாபேஸுக்கு மைஎஸ்க்யூஎல். நான்கு கோர் (பிராசஸர் மையம்) உள்ள ஒரு விபிஎஸ்-ல், அதாவது வாடகை மெய்நிகர் சர்வரில், ஓடுகிறது. மாதம் முழுக்கத் தொந்தரவில்லை. ஜிஎஸ்டி கணக்குக்காக அக்கவுண்டன்ட் மாத ரிப்போர்ட் எடுக்கும்போது மட்டும், கவுன்டரில் பில் போடுகிற எல்லோருக்கும் திரை சுற்றிக்கொண்டே நிற்கிறது. ரிப்போர்ட் வந்ததும் தானாகச் சரியாகிவிடுகிறது.

நோட் இதற்கெல்லாம் தாங்காது, கோ மொழியில் திருப்பி எழுது என்கிறார் நண்பர். பிஎச்பி என்றால் நாளைக்கு வேறு ஆள் சுலபமாகக் கிடைப்பான் என்கிறார் முதலாளி. எனக்குப் பைத்தானும் ஓரளவு வரும். எதற்குப் போகலாம்?

கட்டளைவரி:
மொழியை அப்புறம் பார்க்கலாம். ரிப்போர்ட் ஓடும்போது சர்வரில் டாப் கமாண்டைத் திறந்து 1 என்ற விசையை அழுத்துங்கள். ஒவ்வொரு கோரின் சுமையும் தனித்தனியாகத் தெரியும். என்ன காட்டுகிறது? ரிப்போர்ட் கோடு என்ன செய்கிறது என்பதையும் சொல்லுங்கள்.

பில்_போடுபவன்:
ஒரு கோர் மட்டும் 100 சதவீதம், நோட் பிராசஸ்தான். மற்ற மூன்றும் சும்மா இருக்கின்றன. மைஎஸ்க்யூஎல்லும் அமைதி. கோடு இதுதான்: அந்த மாதத்தின் பில் வரிகள் எல்லாவற்றையும் எடுக்கிறது (சுமார் மூன்று லட்சம்). ஒவ்வொரு வரிக்கும் மருந்துப் பட்டியலில் ஃபைண்ட் போட்டு எச்எஸ்என் எண்ணை (ஜிஎஸ்டி-க்கான சரக்கு வகை எண்) வரிசையாகத் தேடுகிறது. பட்டியலில் 12,000 மருந்துகள். அப்புறம் கூட்டி எக்ஸெல் ஆக்குகிறது.

கட்டளைவரி:
நோய் அங்கேதான் இருக்கிறது. மூன்று லட்சம் வரி, ஒவ்வொன்றுக்கும் 12,000 வரை தேடல் என்றால், மோசமான நிலையில் 360 கோடி ஒப்பீடு. நோட் உங்கள் ஜாவாஸ்கிரிப்ட்டை ஒரே த்ரெட்டில் (ஒரே வேலைத் தடத்தில்), கோரிக்கைகளை ஒவ்வொன்றாக எடுக்கும் ஈவென்ட் லூப் வழியாக ஓட்டுகிறது. டேட்டாபேஸ் பதிலுக்குக் காத்திருக்கும் நேரத்தில் அது மற்றவர்களைக் கவனிக்கும், அந்த விஷயத்தில் கெட்டிக்காரன். ஆனால் கணக்குப் போடும் லூப்புக்குள் நுழைந்துவிட்டால் முடிகிறவரை யாரையும் திரும்பிப் பார்க்காது. ஃபங்ஷனுக்கு முன்னால் அசிங்க் என்று எழுதினாலும் இது மாறாது.

பழைய_பிஎச்பி:
இதே கோடு பிஎச்பி-யில் இருந்தால் கவுன்டர் நின்றிருக்காது. பிஎச்பி-யை ஓட்டும் எஃப்பிஎம்-ல் ஒரு கோரிக்கையை ஒரு வொர்க்கர் பிராசஸ் எடுத்துக்கொள்ளும், மற்ற வொர்க்கர்கள் பில் போட்டுக்கொண்டிருக்கும். ஆனால் ரிப்போர்ட் எடுப்பவர்தான் மாட்டுவார்: இயல்பான நேர வரம்பு 30 விநாடி, அதைத் தாண்டினால் ஸ்கிரிப்டைக் கொன்றுவிடும். எங்கள் பக்கம் வாருங்கள் என்று கூப்பிட ஆசைதான், ஆனால் இந்தக் காரணத்துக்காக வராதீர்கள் தம்பி.

கோபுரம்:
கோ ரசிகனாக நானும் ஒன்று சொல்கிறேன். கோரூட்டீன்கள் (கோ-வில் ஒரே சமயத்தில் ஓடும் சிறு வேலைகள்) எல்லாக் கோர்களிலும் பரவி ஓடும். 1.14 பதிப்பிலிருந்து, நீண்ட லூப்பையும் ரன்டைமே (நிரலை ஓட்டும் பகுதி) இடையில் நிறுத்தி அடுத்ததற்கு வழிவிடும். அதனால் கவுன்டர் தப்பிக்கும். ஆனாலும் 360 கோடி ஒப்பீடு அங்கேயும் வீண்தான். ஓடிக்கொண்டிருக்கும் பில்லிங் மென்பொருளை இதற்காகத் திருப்பி எழுதுவது, குழாய் சொட்டுகிறது என்று வீட்டை இடிப்பது போல.

கட்டளைவரி:
செய்ய வேண்டியது: பில் வரிகளை நோட்டுக்குக் கொண்டுவரவே வேண்டாம், டேட்டாபேஸிலேயே எஸ்க்யூஎல்லில் கூட்டுங்கள். மருந்து டேபிளை ஜாயின் செய்து (இணைத்து), எச்எஸ்என், ஜிஎஸ்டி விகிதம் இரண்டுக்கும் குரூப் பை (வகைவாரியாகத் தொகுத்தல்) போட்டு, தொகைக்கு சம் (கூட்டல்). சில நூறு வரிகள்தான் திரும்பும். பில் தேதிக்கு இண்டெக்ஸ் (விரைவாகத் தேட உதவும் அட்டவணை) இருக்கிறதா பாருங்கள். எல்லா பில் வரிகளும் எக்ஸெலில் வேண்டும் என்று அக்கவுண்டன்ட் அடம்பிடித்தால், அந்த வேலையை மட்டும் தனியாக ஓடும் வொர்க்கர் த்ரெட்டுக்குத் தள்ளுங்கள், அல்லது குறித்த நேரத்தில் வேலையைத் தொடங்கும் கிரானில் இரவில் ஓட விடுங்கள்.

பில்_போடுபவன்:
குரூப் பை போட்டுவிட்டேன். ரிப்போர்ட் உடனே வருகிறது, கவுன்டரில் யாருக்கும் தெரியக்கூட இல்லை. ஆனால் புதுத் தலைவலி: அடியில் மொத்தத் தொகை 1250.50890.00 என்று வருகிறது!

கட்டளைவரி:
நோட்டை டேட்டாபேஸோடு இணைப்பது மைஎஸ்க்யூஎல்2 டிரைவர்தானே? டெசிமல் (தசம) மதிப்புகளை அது எண்ணாக அல்ல, எழுத்துச் சரமாகத்தான் தரும், கூட்டல் குறி போட்டால் ஒட்டிக்கொள்ளும். எண்ணாக மாற்றினால் கூடும்தான், ஆனால் ஃப்ளோட் என்ற தோராயத் தசம வடிவில் 0.1 உடன் 0.2 சேர்த்தால் சரியாக 0.3 வராது. ஜிஎஸ்டி கணக்கில் பைசா உதைக்கும். மொத்தத்தையும் எஸ்க்யூஎல்லிலேயே கூட்டுங்கள், இல்லையென்றால் பைசாவாக, முழு எண்ணாக வைத்துக் கூட்டுங்கள்.

பழைய_பிஎச்பி:
முதலாளி சொன்னதையும் தள்ளிவிடாதீர்கள், ஆள் கிடைப்பது நியாயமான கவலை. இதை மாற்ற வேண்டாம். அவரே அடுத்து ஸ்டாக் மென்பொருள் கேட்டால், அதைத் தொடங்கும் முன் உங்கள் ஊரில் லாரவெல் (பிஎச்பி ஃபிரேம்வொர்க்) தெரிந்தவர், ஜாங்கோ (பைத்தான் ஃபிரேம்வொர்க்) தெரிந்தவர் யார் இருக்கிறார்கள் என்று விசாரித்துவிட்டு மொழியை முடிவு செய்யுங்கள். வெறும் டேபிள்களைப் பார்த்துத் திருத்தும் திரைகள்தான் அதிகம் என்றால் ஜாங்கோவோடு வரும் அட்மின் (தயார்நிலை நிர்வாகத் திரைகள்) பாதி வேலையைக் குறைத்துவிடும். பைத்தான்தான் உங்களுக்கு வருமே.

பில்_போடுபவன்:
மொத்தத்தையும் எஸ்க்யூஎல்லுக்கே மாற்றிவிட்டேன் சார், பைசா வரை ஒத்துப்போகிறது. ஸ்டாக் மென்பொருள் பேச்சு ஏற்கெனவே எழுந்துவிட்டது, அதற்குத் தனி இழை போடுகிறேன்.