செயின் சா இடது பக்கமே வளைத்து அறுக்கிறது, சில்லு வராமல் மாவுதான் வருகிறது. என்ன கோளாறு?

புஞ்சைக்காரன்:
வணக்கம். பரமக்குடியில் கணக்கு எழுதும் வேலை எனக்கு. ஞாயிற்றுக்கிழமை மட்டும் விறகுவெட்டி. முதுகுளத்தூர் பக்கம் எங்களுக்கு ஒன்றரை ஏக்கர் புஞ்சை உண்டு. அப்பா இறந்த பிறகு பத்து வருடம் போல உழவே இல்லை. அந்தப் பக்கத்துக்காரர்களுக்கு மிச்சத்தைச் சொல்லத் தேவையில்லை. வரப்பு எங்கே இருக்கிறது என்று தெரியாத அளவுக்குச் சீமைக்கருவை. பொக்லைன் விட்டு ஒரே நாளில் முடி என்கிறார்கள். எனக்கு மனம் வரவில்லை. வாரம் முழுக்க நாற்காலியில் உட்காருகிறவனுக்கு அந்த அரைநாள் வேர்வைதான் மருந்து. அம்மா வெந்நீர் வைப்பது இன்னும் விறகடுப்பில்தான். வீட்டுக்குப் போக மிஞ்சுவதை ஊரில் கரிமூட்டம் போடுகிறவர் எடை போட்டு எடுத்துக்கொள்கிறார்.

மிஷின் 58 சிசி, 22 அங்குல பார் (செயின் சுற்றி ஓடும் நீளத் தகடு), பெயர் தெரியாத கம்பெனி. வாங்கி ஆறு மாதம் ஆகிறது. முதல் இரண்டு மாதம் வெண்ணெயில் கத்தி போனது போல அறுத்தது. இப்போது மூன்று தொல்லைகள்.

1. அறுப்பு நேராக இறங்குவதில்லை. பாதி போனதும் பிறை போல இடது பக்கம் வளைகிறது. கையால் திருப்பினால் பார் இறுகிக்கொள்கிறது.
2. சில்லு விழுவதே இல்லை. கோதுமை மாவு போலத் தூள். கனமான கட்டையில் புகையும் வருகிறது.
3. சாய்ந்த மரத்தில் பார் அடிக்கடி மாட்டிக்கொள்கிறது. போன வாரம் மிஷினை மரத்திலேயே விட்டுவிட்டு, வீட்டுக்குப் போய்க் கோடாலி எடுத்து வந்து மீட்டேன்.

நான் செய்து பார்த்தவை: செயினை இறுக்கினேன், பிளக் மாற்றினேன், கடையில் உருட்டரம் வாங்கி எல்லாப் பல்லுக்கும் மும்மூன்று இழுப்பு தீட்டினேன். பெட்ரோலில் லிட்டருக்கு 40 மில்லி டூ ஸ்ட்ரோக் ஆயில் கலக்கிறேன். மரத்தைத் தரையோடு தரையாக அறுக்கிறேன், மறுபடி தளிர்க்கக் கூடாது என்பதற்காக.

இன்ஜின் பவர் போய்விட்டதோ?

வார இறுதி விவசாயி:
எனக்கும் இப்படித்தான் இருந்தது. கார்புரேட்டரில் ஹெச் திருகை வலது பக்கம் கால் சுற்று திருப்புங்கள். மிஷின் கூடுதலாக உறுமும், அறுப்பும் வேகமாகும்.

ஸ்பேனர்:
தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். அந்தத் திருகை உள்ளே திருப்பினால் பெட்ரோல் குறையும். பெட்ரோலோடுதான் ஆயிலும் உள்ளே போகிறது, அதுவும் சேர்ந்து குறையும். சத்தம் ஏறுவதைப் பவர் என்று நினைப்பீர்கள். பிஸ்டன் சிலிண்டரில் ஒட்டிக்கொண்டால் மிஷின் விலையில் பாதி போய்விடும். அப்படிச் சிக்கிப்போனவை என் பட்டறையில் இப்போதே இரண்டு கிடக்கின்றன.

புஞ்சைக்காரன் சார், உங்கள் இன்ஜினுக்கு ஒன்றும் இல்லை. மாவு வந்தால் பல் மழுங்கியது என்று பொருள். ஒரே பக்கம் வளைந்தால் இரண்டு பக்கப் பற்களும் சமமாக இல்லை என்று பொருள். செயினில் ஒரு பல் இடது பார்த்தும் அடுத்தது வலது பார்த்தும் இருக்கும். எந்தப் பக்கப் பல் நீளமாகவோ கூராகவோ இருக்கிறதோ அந்தப் பக்கம்தான் மிஷின் இழுக்கும். உங்களுக்கு இடது பக்கம் போகிறது என்றால் வலது பற்கள் அடி வாங்கியிருக்கின்றன. ஏதாவது கல்லில் பட்டதா?

இன்னும் மூன்று விஷயம் தெரிய வேண்டும். அரம் எத்தனை மில்லிமீட்டர்? செயினுக்கு என்ன ஆயில் ஊற்றுகிறீர்கள்? வெர்னியர் இருந்தால், பல்லின் மேல்தட்டு நீளம் இரண்டு பக்கமும் எவ்வளவு?

புஞ்சைக்காரன்:
கல்லில் பட்டது. தீபாவளிக்கு முந்தைய வாரம் வரப்புக்கல் ஒன்றில் உரசிப் பொறி பறந்தது. அதை மறந்தே போனேன்.

அரம் எத்தனை மில்லி என்று கடைக்காரர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. இப்போது அளந்தால் 5.5 மில்லி. செயினுக்கு லாரிப் பட்டறையில் சும்மா கிடைக்கும் பழைய இன்ஜின் ஆயில். பக்கத்து வீட்டுப் பையனின் வெர்னியரால் அளந்தேன். இடது பற்கள் சுமார் 8 மில்லி, வலது 6.5. கல்லில் பட்ட பிறகு வலது பக்கம் மொட்டையாகத் தெரிந்ததால் அந்தப் பக்கம் மட்டும் நிறையத் தீட்டினேன். அதுதான் தப்போ?

ஸ்பேனர்:
அதில் பாதித் தப்பு. மொட்டையைத் தீட்டியது சரி. இடது பக்கத்தையும் அதே நீளத்துக்குக் குறைத்திருக்க வேண்டும். செயினில் இருப்பதிலேயே குட்டையான பல்லைத் தேடுங்கள். மற்ற எல்லாம் அதன் நீளத்துக்கு வர வேண்டும். முதல் பல்லில் மார்க்கர் பேனாவால் ஒரு புள்ளி வைத்துவிட்டுத் தொடங்குங்கள். இல்லாவிட்டால் எங்கே தொடங்கினோம் என்று தெரியாமல் சுற்றிச் சுற்றி வருவீர்கள்.

இந்த மாதிரி 58 சிசி மிஷினில் பெரும்பாலும் .325 பிட்ச் (கண்ணிகளின் இடைவெளி அளவு, அங்குலத்தில்) செயின்தான் வரும். பாரின் அடிப்பக்கத்தில் எழுதியிருக்கும், பாருங்கள். அதற்கு 4.8 மில்லி அரம். 5.5 போட்டால் பல்லின் வளைவு கெட்டு, முனை நிமிர்ந்துவிடும். பார்க்கப் பளபளவென்று இருக்கும், மரத்தைக் கடிக்காது. பாரை ஒரு கட்டையில் அசையாமல் பிடித்து, அரத்தை 30 டிகிரி சாய்த்து, உள்ளிருந்து வெளியே ஒரே போக்கில் தள்ளுங்கள். இழுக்கும்போது அரம் பல்லில் படக் கூடாது. வலது கைக்காரர்களுக்கு ஒரு பக்கம் நன்றாக விழும், மறுபக்கம் கை தடுமாறும். ஒரு பக்கத்தை முடித்துவிட்டு நீங்கள் எழுந்து எதிர்ப்பக்கம் போய் உட்காருங்கள்.

நிறையப் பேர் விட்டுவிடும் இடம் ஒன்று இருக்கிறது. ஒவ்வொரு பல்லுக்கும் முன்னால் மாட்டுத் திமில் மாதிரி ஒரு மேடு நிற்கும். பல் எவ்வளவு ஆழம் கடிக்கலாம் என்பதை அதுதான் தீர்மானிக்கிறது. தீட்டத் தீட்டப் பல் தாழும், திமில் அப்படியே நிற்கும். அப்புறம் பல் மரத்தைத் தொடாமல் திமில்தான் உரசிக்கொண்டு போகும். உங்கள் மாவுக்கும் புகைக்கும் இதுவும் ஒரு காரணம். தட்டை அரத்தால் திமிலைத் தேய்த்து, பல்லின் முனையை விட 0.65 மில்லி தாழ்வாக வையுங்கள். ஏடிஎம் அட்டையின் கனத்தை விடக் கொஞ்சம் கம்மி. ஆசைப்பட்டு அதிகம் தேய்த்தால் மிஷின் துள்ளும்.

கழிவு ஆயிலை இன்றோடு நிறுத்துங்கள். அதில் இருக்கும் இரும்புத் துகள் பம்பை அடைக்கும். பாரைக் கழற்றி, செயின் ஓடும் காடியில் (பள்ளத்தில்) படிந்த கறுப்புச் சகதியைச் சுரண்டி, ஆயில் வரும் துளையைக் கம்பியால் குத்திவிடுங்கள். பாரைத் தலைகீழாகத் திருப்பி மாட்டினால் தேய்மானம் இரண்டு பக்கமும் சமமாகும். செயின் ஆயில் கிடைக்காவிட்டால் புது இன்ஜின் ஆயிலே போதும். பார் முனையை ஒரு அட்டைக்கு நேராகக் காட்டி ரேஸ் பண்ணுங்கள். அட்டையில் ஆயில் கோடு விழுந்தால் பம்ப் வேலை செய்கிறது. ஒரு டேங்க் பெட்ரோல் தீரும்போது செயின் ஆயிலும் ஏறக்குறையத் தீர்ந்திருக்க வேண்டும். அப்படியே மிஞ்சினால் சந்தேகப்படுங்கள்.

கரிமூட்டம்:
தம்பி, மிஷின் சங்கதியை ஸ்பேனர் சொல்லிவிட்டார். மரத்தின் சங்கதியை நான் சொல்கிறேன். எங்கள் வீட்டில் இரண்டு தலைமுறையாக மூட்டம் போடுகிறோம்.

தரையோடு தரையாக அறுப்பதுதான் உங்கள் எல்லாத் தொல்லைக்கும் அடி. கருவையின் அடித்தண்டில் கரையான் மண் அப்பியிருக்கும், காற்றில் வந்த மணல் பட்டைக்குள் ஏறியிருக்கும். மண்ணில் ஒரு நொடி பட்டாலும் பல்லின் கூர் போச்சு. அரைநாள் அறுக்க வேண்டிய செயினை அரைமணியில் மொட்டையாக்குகிறீர்கள்.

சரி, அப்படி அறுத்தால் தளிர்க்காதா? அதுவும் இல்லை. இந்த மரத்தின் உயிர் மண்ணுக்குக் கீழே தூரில் இருக்கிறது. 2017-ல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை கருவையை அகற்றச் சொன்ன சமயம், எங்கள் பக்கம் தெருவுக்குத் தெரு மிஷின் சத்தம். அதே ஆண்டு இடைக்காலத் தடையும் வந்துவிட்டது. அன்று தரைமட்டமாக அறுத்துவிட்டுப் போன இடத்தை இன்று போய்ப் பாருங்கள். ஒரு மரம் நின்ற இடத்தில் ஏழெட்டுத் தண்டு. எங்களுக்கு லாபம்தான், மூட்டத்துக்குக் கைப்பருமன் விறகு நிறையக் கிடைக்கிறது. நாலைந்து டன் விறகு அடுக்கினால்தான் ஒரு டன் கரி தேறும்.

விறகுக்காக வைத்துக்கொள்ளப் போகிறீர்களா, புஞ்சையாக்கப் போகிறீர்களா? முதலில் அதை முடிவு செய்யுங்கள். புஞ்சைதான் என்றால் முழங்கால் உயரத்தில் அறுத்துவிடுங்கள். செயினும் பிழைக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் மண் ஊறியதும் தூரைச் சுற்றி ஒரு அடிக்கு மேல் தோண்டுங்கள். மிச்சம் நிற்கும் முழங்கால் கட்டையில் சங்கிலி கட்டி டிராக்டரால் இழுத்தால் தூரோடு வந்துவிடும். தரைமட்டமாக அறுத்த தூருக்குச் சங்கிலியை எங்கே கட்டுவீர்கள்?

பார் மாட்டுவது பற்றி. கருவை நேராக வளராத மரம், எல்லாத் தண்டும் வில்லாக வளைந்து நிற்கும். எந்தப் பக்கம் நசுங்குகிறது, எந்தப் பக்கம் இழுபடுகிறது என்று பார்த்துவிட்டு மிஷினை வையுங்கள். இரண்டு முனையும் தரையில் ஊன்றிக் கிடக்கும் கட்டைக்கு மேல்பக்கம் நசுங்கும். மேலிருந்து மூன்றில் ஒரு பங்கு அறுத்துவிட்டு, மிச்சத்தைக் கீழிருந்து மேலே அறுங்கள். ஒரு முனை அந்தரத்தில் தொங்கினால் இதைத் தலைகீழாகச் செய்யுங்கள். எந்தப் பக்கம் தொடங்கினாலும் பாரின் நுனி, அதிலும் நுனியின் மேல் பாதி, கட்டையில் படவே கூடாது. பட்டால் மிஷின் முகத்துக்கு எகிறும். விறைத்து வளைந்த தண்டு பாதி அறுப்பில் நெடுக்காகப் பிளந்து மேலே வரும். என் சித்தப்பாவுக்கு அப்படித்தான் தாடை போயிற்று. ஒரு பக்கமாக நில்லுங்கள், தண்டுக்கு நேரே நிற்காதீர்கள்.

இன்னொன்று. குடை விரித்த மாதிரி தலை தட்டையாக நிற்பது உடைமரம். அதையும் நாட்டுக்கருவேலத்தையும் விட்டுவையுங்கள், ஆட்டுக்கு ஆகும். கண்மாய்க்குள் நிற்கும் கருவையில் கை வைக்காதீர்கள், அது ஏலத்துக்கு உரியது.

திருச்சுழி அக்கா:
எல்லோரும் மிஷினைப் பற்றியே பேசுகிறீர்கள். தம்பி, காலில் என்ன போட்டிருக்கிறீர்கள்? ரப்பர் செருப்பு என்றால் கருவமுள் அடிப்பாகத்தைத் துளைத்துக்கொண்டு உள்ளே வரும். என் வீட்டுக்காரருக்குக் குதிகாலில் ஒடிந்த முள் தெரியாமலே இருந்து, மூன்று வாரம் கழித்துச் சீழ் வைத்தது. கனத்த அடி வைத்த ஷூ, கண்ணுக்குக் கண்ணாடி, முழங்கை வரை கையுறை. டிடி ஊசி (தனுர்வாதத் தடுப்பூசி) எப்போது போட்டீர்கள் என்று யோசித்துப் பாருங்கள். முள்கிளையைக் கையால் இழுக்காமல் கவைக்கம்பால் தள்ளுங்கள். பையில் ஒரு முள்வாங்கி இருக்கட்டும். அப்புறம், தனியாகப் போகாதீர்கள். மிஷின் ஓடும்போது கூப்பிடும் தூரத்தில் ஒரு ஆள் வேண்டும்.

வார இறுதி விவசாயி:
ஸ்பேனர் அண்ணே, நான் ஏற்கெனவே திருப்பிவிட்டேனே. இப்போது என்ன செய்வது?

ஸ்பேனர்:
இப்போதே மிஷினை நிறுத்துங்கள். திருகை பழைய இடத்துக்குக் கொண்டுவந்து, அதற்கும் கொஞ்சம் வெளியே வையுங்கள். முழு ரேஸில் சத்தம் லேசாகக் குழறினால் நல்லது. கட்டையில் வைத்ததும் அது தெளிந்துவிடும். கீச்சென்று ஒரே சீராகக் கத்தினால் இன்னும் வெளியே திருப்புங்கள்.

புஞ்சைக்காரன்:
இரண்டு ஞாயிறு கழித்து எழுதுகிறேன், மன்னிக்கவும். 4.8 அரம் பரமக்குடியில் கிடைக்கவில்லை, மதுரையிலிருந்து வரவழைத்தேன். தீட்ட மட்டும் ஒன்றேமுக்கால் மணி நேரம் ஆனது. நாற்பதுக்கு மேல் பல் இருக்கிறது, இடது பக்கத்தில் ஒவ்வொன்றிலும் ஒன்றரை மில்லி குறைக்க வேண்டியிருந்தது. புதுச் செயினே வாங்கியிருக்கலாம் என்று பாதியில் தோன்றியது. ஆனால் திமிலைத் தாழ்த்திய பிறகு முதல் கட்டையில் வைத்தபோது விரல்நகம் அளவுக்குச் சில்லு விழுந்தது. அழுத்தவே வேண்டாம், மிஷினின் கனத்திலேயே இறங்குகிறது. வளைவு முக்கால்வாசி போய்விட்டது. கொஞ்சம் இருக்கிறது, பாரின் ஒரு விளிம்பு தேய்ந்திருப்பதால் இருக்குமோ?

ஆயில் துளை முழுக்க அடைத்திருந்தது. அட்டைச் சோதனையில் முதலில் ஒரு பொட்டுக்கூட விழவில்லை, குத்திவிட்ட பிறகுதான் கோடு வந்தது. நாலு மாதமாகச் செயின் வறண்டே ஓடியிருக்கிறது.

கரிமூட்டம் அண்ணே, புஞ்சைதான் என்று முடிவு. ஆனால் கிணற்று ஓரத்துப் பத்து மரத்தை மட்டும் விறகுக்கு விடச் சொல்கிறார் அம்மா. முழங்கால் உயரத்தில் இதுவரை பதினாலு அறுத்தாயிற்று, ஒன்றில்கூட மண் படவில்லை. பழைய தரைமட்டத் தூர்களில் அதற்குள் தளிர் எட்டிப் பார்க்கிறது.

ஸ்பேனர்:
பாரைக் கழற்றி, நீள விளிம்பு கீழே இருக்கும்படி மேசைமேல் நட்டமாக நிறுத்திப் பாருங்கள். தானாக நின்றால் விளிம்பு சமம். சாய்ந்தால் தட்டை அரத்தால் இரண்டு விளிம்பையும் சமமாக்குங்கள், பிசிறு இருந்தால் அதையும் தேய்த்துவிடுங்கள். காடி அகண்டு செயின் பக்கவாட்டில் ஆடினால் பார் மாற்ற வேண்டியதுதான்.

புஞ்சைக்காரன்:
சாய்கிறது! இன்றே தேய்க்கிறேன். அக்கா, ஷூ வாங்கிவிட்டேன், ஊசியும் போட்டாயிற்று, சித்தி மகன் துணைக்கு வருகிறான். முள்வாங்கிதான் சிக்கல். வீட்டில் இருப்பது பாட்டி இடுப்பில் செருகியிருந்தது, காட்டுக்குத் தர மாட்டேன் என்கிறார் அம்மா. சந்தையில் இப்போதும் விற்கிறார்களா?