புதுப்பிப்பு: மூடிப்போன கம்பெனியை பணி அனுபவத்தில் எப்படிப் போட்டேன்

முன்பு கேட்டிருந்தது இதுதான்: பழைய கம்பெனி மூடிவிட்டது, அதற்கடுத்த வேலை ஏஜென்சி வழியாக, நடுவில் சில மாதம் வேலையில்லை. வேலை விண்ணப்பப் படிவத்தில் இதையெல்லாம் எப்படி எழுதுவது? பதில் சொன்ன எல்லாருக்கும் நன்றி. விண்ணப்பம் போய்விட்டது.

மூடிய கம்பெனியின் பெயரை அப்போதிருந்தபடியே எழுதி, பக்கத்தில் "தற்போது இயங்கவில்லை" என்று சேர்த்தேன். தொலைபேசி எண் இல்லாமல் படிவம் நகரவே மாட்டேன் என்றது. அங்கே எனக்கு மேலாளராக இருந்தவரிடம் கேட்டுவிட்டு அவர் எண்ணைக் கொடுத்தேன். கேட்காமல் மட்டும் கொடுக்காதீர்கள். சம்பளச் சீட்டும் நியமனக் கடிதமும் தனியாக எடுத்து வைத்திருக்கிறேன். சரிபார்ப்பில் கேட்டால் அவைதான் பேசும்.

ஏஜென்சி விஷயத்தில், முதலாளி என்று ஏஜென்சியைப் போடுவதா, வேலை செய்த இடத்தைப் போடுவதா என்று இங்கேயே இரண்டு கருத்து இருந்தது. சம்பளம் கொடுத்தது யாரோ அவர்தான் முதலாளி என்ற பக்கம் சாய்ந்தேன். உண்மையில் வேலை செய்த இடத்தைப் பணி விவரத்தில் குறிப்பிட்டேன்.

இடைவெளியை மறைக்க மாதங்களை இழுத்து நீட்டச் சொன்ன நண்பரே, மன்னிக்கவும், அது வேண்டாம். விடுவிப்புக் கடிதத்தில் ஒரு தேதி, படிவத்தில் வேறு தேதி என்றால் வேலை கிடைத்த பிறகும் சிக்கல்தான்.

விலகிய காரணத்துக்கு "நிறுவனம் மூடப்பட்டது", "ஒப்பந்தம் முடிந்தது", அவ்வளவே. இப்போதைய முதலாளியைத் தொடர்புகொள்ளலாமா என்ற கேள்விக்கு 'இல்லை'. நேர்காணல் அழைப்பு வந்தால் இங்கேயே எழுதுகிறேன்.