1972 கார்வெட்: வெற்றிடத்தால் எழும் முகப்பு விளக்குகளை மின் மோட்டாருக்கு மாற்றியவர்கள் உண்டா?

வணக்கம். 1972 செவர்லே கார்வெட் ஒன்றைச் சீரமைத்துக்கொண்டிருக்கிறேன். உள்ளே மறைந்திருந்து மேலெழும் இதன் முகப்பு விளக்குகளையும், வைப்பர்களை மறைக்கும் வைப்பர் மூடியையும் இயக்குவது இன்ஜின் காற்றை உறிஞ்சுவதால் உண்டாகும் வெற்றிடம்தான். இப்போது வலப்பக்க விளக்கு பாதி எழுந்து நின்றுவிடுகிறது. முனை வெடித்திருந்த ரப்பர் குழாய்களை மாற்றிய பிறகும், அந்த வெற்றிடத்தால் விளக்கைத் தூக்கும் ஆக்சுவேட்டரின் தண்டு ஓரம் 'உஸ்' என்று காற்று இழுக்கும் ஓசை கேட்கிறது.

மின் மோட்டார் பொருத்திவிடலாம் என்கிறார் மெக்கானிக். எனக்கோ பழைய அமைப்பைக் கைவிட மனம் வரவில்லை. அந்த விளக்குகள் எழும் அழகே தனி. ஆனாலும் இரவுப் பயணத்தில் ஒற்றை விளக்கை நம்ப முடியாதே!

மோட்டாருக்கு மாறியவர்கள் சொல்லுங்கள்: பழைய துளைகளிலேயே பொருந்தியதா? வைப்பர் மூடியை என்ன செய்தீர்கள்? ஆக்சுவேட்டரில் காற்றுக் கசிவைத் தடுக்கும் சீல் (seal) மட்டும் மாற்றியவர்கள், அது எத்தனை காலம் தாங்கியது என்று எழுதினால் பேருதவியாக இருக்கும்.