புதுப்பிப்பு: தீம் பார்க்கில் மூடிக் கிடந்த ராட்டினங்கள்

பங்குனியில் காரைக்குடியிலிருந்து வேன் பிடித்துப் பிள்ளைகளோடு போன பழைய தீம் பார்க்கில், ஆறு ரைடுகள் மூடியிருந்ததைக் கோபமாக எழுதியிருந்தேன். போன வாரம் பராமரிப்பு மேற்பார்வையாளரிடம் போனில் பேசினேன்.

கப்பல் ஊஞ்சலைக் கழற்றிப் போட்டிருக்கிறார்கள். முன்னும் பின்னும் ஆடும்போது தாங்கும் கம்பிகளில் சுமை மாறி மாறி விழுகிறது. வருஷக்கணக்கில் அப்படி ஆடினால் வெல்டிங் ஓரத்தில் மயிரிழை விரிசல் வரும், கண்ணுக்குத் தெரியாது. பெயின்ட்டைச் சுரண்டி, சிவப்புச் சாயம் தெளித்து, சற்று நேரம் ஊறவிட்டுத் துடைத்து, மேலே வெள்ளைப் பூச்சு அடிக்கிறார்களாம். விரிசலுக்குள் இறங்கிய சாயம் சிவப்புக் கோடாக மேலே வரும். அப்படி ஒரு கோடு வந்ததால்தான் நிறுத்தினார்களாம். அதைக் கேட்டதும் வயிறு கலங்கிவிட்டது. அதில் ஏறத்தான் என் மகள் அன்று அழுதாள்.

ஆகவே மூடியது தப்பு என்று எழுதியதைத் திரும்பப் பெறுகிறேன். கானாடுகாத்தான் அண்ணன் அப்போதே சொன்னார்: "பூட்டிக் கிடக்கிற வீட்டுக்கும் வருஷா வருஷம் ஓடு மாத்தணும் தம்பி, இது ஓடுற இரும்பு." பூட்டிக் கிடக்கும் செட்டிநாட்டு வீடுகளைப் பார்த்த நம் ஊர்க்காரருக்கு இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது.

ஆனால் டிக்கெட் கவுன்ட்டரில் பலகை வைக்காமல் முழுக் காசு வாங்கியது தப்புதான், அதில் மாற்றமில்லை. இனிமேல் வாசலிலேயே எழுதி வைப்பதாக மேற்பார்வையாளர் சொன்னார். கட்டணத்தைக் குறைப்பது பற்றிப் பதில் இல்லை.

ராட்சத ராட்டினத்துக்கு பேரிங் மாற்றும் வேலை இன்னும் நடக்கிறது. முடிந்ததும் எழுதுகிறேன்.